ரவைப் பொட்டலம்

நங்கநல்லூர்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள சீனு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண்புரை ஆபரேஷன் முடிந்து இடது கண் இப்போதுதான் தெளிந்திருக்கிறது, அதனால்தான் தாமதம். திட்டாதே. இன்னும் மூன்று வாரம் மிருதங்கத்தைத் தூக்கக் கூடாதாம். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

கார்த்திக்கின் குழுவுக்கு அமெரிக்காவில் நான்கு ஊரில் கச்சேரி என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. அடுத்த வரிதான் உறுத்தியது. விசிட்டர் விசாவில் வந்தால் போதும், ஏர்போர்ட்டில் கேட்டால் சித்தப்பா வீட்டுக்கு வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்கிறாராம் ஏற்பாட்டாளர். நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டிருந்தாய். வேண்டாம்டா. அவ்வளவுதான் பதில். ஆனால் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு சும்மாதானே உட்கார்ந்திருக்கிறேன், காரணத்தையும் எழுதிவிடுகிறேன்.

என் பேத்தி கொரியப் பாட்டுப் பைத்தியம். அவள் சொல்லித்தான் ‘ஓ மை கேர்ள்’ குழுவின் கதை தெரியும். எட்டுப் பெண்கள். 2015 ஏப்ரலில் அறிமுகமானார்கள். அந்த டிசம்பரிலேயே ஆல்பத்துக்குப் படமெடுக்கவும் ஒரு நிகழ்ச்சியில் கலந்துகொள்ளவும் லாஸ் ஏஞ்சலிஸ் போய் இறங்கினார்கள். ஏர்போர்ட்டில் சுமார் பதினைந்து மணி நேரம் உட்கார வைத்து, திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெட்டி நிறைய மேடை உடைகளும் அலங்காரச் சாமான்களும் இருந்ததைப் பார்த்துவிட்டு, இந்தப் பெண்கள் வேறு தொழிலுக்கு வந்தவர்கள் என்று அதிகாரிகள் நினைத்துவிட்டதாக அவர்களுடைய நிறுவனம் சொன்னது. விசா சரியில்லை என்ற பேச்சும் அடிபட்டது. வெளிநாட்டுக் குழுக்களுக்கென்று அங்கே பி-1பி (P-1B) என்று ஒரு விசா இருக்கிறது. அதற்குக் குழுவில் முக்கால்வாசிப் பேராவது ஒரு வருடம் சேர்ந்து இயங்கியிருக்க வேண்டும். எட்டு மாதக் குழந்தைகளுக்கு அந்தக் கதவு திறக்காது. இதையெல்லாம் பார்க்க வேண்டியது கூட்டிப் போகிறவர்கள். நாற்காலியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தது அந்தப் பிள்ளைகள்.

பெயர் பெரிதாக இருந்தால் தப்பலாம் என்றும் எண்ணாதே. 1966 ஜூலையில் இங்கிலாந்துப் பாட்டுக் குழு பீட்டில்ஸ் பிலிப்பைன்ஸின் மணிலாவுக்குப் போனார்கள். அந்த நாட்டு அதிபர் மார்க்கோஸின் மனைவி இமெல்டா மாளிகையில் விருந்து வைத்து, குழந்தைகளையெல்லாம் கூட்டி வைத்துக் காத்திருந்தார். அந்த மாதிரி விருந்துகளுக்குப் போவதில்லை என்பது இவர்கள் வழக்கம். மேனேஜர் பிரையன் எப்ஸ்டீனும் வர முடியாது என்று சொல்லிவிட்டார். அவருக்கு அது இன்னொரு அழைப்பு. அந்த ஊருக்கு அதிபர் வீட்டு அவமானம். காலி நாற்காலிகளை டிவியில் காட்டினார்கள். விடிந்ததும் போலீஸ் பாதுகாப்பைக் காணோம். ஏர்போர்ட்டில் எஸ்கலேட்டரை நிறுத்திவிட்டார்கள், பெட்டிகளைத் தாங்களே தூக்கிக்கொண்டு ஏறினார்கள். கூட்டம் பிடித்துத் தள்ளியது, உதைத்தது. அங்கே நின்ற கன்னியாஸ்திரீகளின் பக்கத்தில் போய் ஒண்டிக்கொண்டதாகப் பின்னாளில் அவர்களே சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்த கட்டம் அதற்கப்புறம்தான். எல்லோரும் விமானத்தில் ஏறி உட்கார்ந்தாயிற்று. உதவியாளர் மால் எவன்ஸையும் பத்திரிகைத் தொடர்பாளர் டோனி பாரோவையும் இறங்கி வரச் சொன்னார்கள். என்னவென்றால், நாட்டுக்குள் வந்ததற்கே உங்களுக்குப் பதிவு இல்லை என்கிறார்கள். வந்த அன்று வரிசையில் நிற்காமல் ராஜ மரியாதையாக வெளியே கூட்டிப் போனார்களே, அதன் பலன். எல்லோரும் கொண்டாடுகிற வரைக்கும் பாஸ்போர்ட்டில் அந்த முத்திரையை யாரும் தேடவில்லை. முகம் மாறியதும் அதைத்தான் முதலில் கேட்டார்கள். நம் பையனிடமும் ஒருநாள் கேட்பார்கள்.

என் கதையை உனக்குச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். முதல் அமெரிக்கப் பயணம். ஊர் பெயர் வேண்டாம். சோதனை மேஜையில் என் பெட்டியைத் திறந்தார் ஒருவர். நாலு வேட்டி, சுருதி சேர்க்கிற கருங்கல், மரக்கட்டை, அதற்கடியில் பிளாஸ்டிக் கவரில் மடித்து ரப்பர் பேண்டு போட்ட வெள்ளைத் தூள். மிருதங்கத்தின் இடது பக்கத்தை, அதாவது தொப்பியை, பிசைந்து பூசுகிற ரவை, வேறென்ன. சாப்பிடுவதா என்று கேட்டார். ஆமாம், ஆனால் சாப்பிட அல்ல என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மத்தளத்துக்குத்தான் சாப்பாடு என்று வேறு சேர்த்தேன். உள் அறைக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

ஒன்றரை மணி நேரம். கடைசியில் ஒரு அம்மாள் வந்தார். தண்ணீர் கேட்டு, அந்த ரவையைப் பிசைந்து தொப்பியில் அப்பி, மிருதங்கத்தை உறையோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு ‘தொம்’ கொடுத்தேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காகிதத்தைக் கேட்டார். ஒப்பந்தம், எந்த ஊரில் எந்தத் தேதியில் கச்சேரி என்ற பட்டியல் எல்லாம் இருந்தது. புரட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார். மிச்ச ரவை குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. மறுநாள் இந்தியக் கடையில் வாங்கிக்கொண்டேன். அதே பீட்டில்ஸில் இருந்த பால் மெக்கார்ட்னி 1980இல் ஜப்பானின் நரிடா ஏர்போர்ட்டில் மாட்டியபோது பெட்டியில் இருந்தது 219 கிராம் கஞ்சா. ஒன்பது நாள் உள்ளே இருந்தார். அதில் புரியாமல் போக ஒன்றும் இல்லை. என் கையில் அந்தக் காகிதம் இல்லாமல் சித்தப்பா கதை மட்டும் இருந்திருந்தால், மத்தளத்தோடு மாட்டிய என்னை யார் நம்பியிருப்பார்கள்?

நம்மைப் போன்றவர்களுக்கென்றே பி-3 (P-3) விசா இருக்கிறது. ஒரு பண்பாட்டுக்கே உரிய கலையைக் கொண்டு போகிறவர்களுக்கு. அழைக்கிறவர்தான் அங்கே மனு போட வேண்டும். 460 டாலராக இருந்த கட்டணம் 2024 ஏப்ரலிலிருந்து 1,015. சின்ன அமைப்புகளுக்கும் லாப நோக்கமில்லாத சபைகளுக்கும் 510. உன் ஏற்பாட்டாளர் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது இதைத்தான். கார்த்திக் குழுவில் கிடாரும் டிரம்ஸும் இருப்பதால் பி-3 பொருந்துமா என்பதை வக்கீலிடம் கேட்கச் சொல். மனு போடுகிறேன் என்று எழுத்தில் தராவிட்டால் விட்டுவிடட்டும்.

பையன் மனசு ஒடிந்துபோனால் மாயாவைப் பற்றிச் சொல். எம்.ஐ.ஏ. என்று பாடுகிறாளே, சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பெண். 2006இல் அவளுக்கு அமெரிக்க விசா இழுபறியானது. அங்கே செய்ய வேண்டிய ஆல்பத்தின் ஒரு பகுதியை நம் சென்னைக்கு வந்து உறுமி மேளம் வைத்துப் பதிவு செய்தாள். அம்மா பெயரையே வைத்தாள், ‘கலா’.

ஏற்பாட்டாளர் என்ன சொன்னார் என்று எழுது. அப்புறம், கமலா கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் போன வாரமே தீர்ந்துவிட்டது. டாக்டர் உப்பு கூடாது என்றதைக் கமலாவிடம் சொல்லாதே.

உன்,
ரகு