த்ரில்லர் படத்துக்கு ட்ரெய்லர் கட் பண்றவங்களுக்கு மதுரைல இருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்ல சைக்கலாஜிக்கல் த்ரில்லர் எடுக்குற தயாரிப்பாளர் சார்களுக்கும், அந்தப் படங்களுக்கு ட்ரெய்லர் கட் பண்ற எடிட்டர் அண்ணன்களுக்கும், அவங்க சேருக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு "இன்னும் ரெண்டு ஷாட் சேத்துப் போடு தம்பி, வெயிட்டு பத்தல"ன்னு சொல்ற மார்க்கெட்டிங் ஆளுகளுக்கும் வணக்கம்.

சுத்தி வளைக்காம சொல்லிர்றேன். உங்க ட்ரெய்லர்ல எல்லாம் இருக்கு, பயம் மட்டும் இல்ல. ரத்தம் இருக்கு, மழை இருக்கு, டார்ச் லைட்டு இருக்கு, ஸ்பீக்கர் கிழியிற அளவுக்கு சத்தம் இருக்கு. ஆனா பாத்து முடிச்சதும் மனசுல கேள்வின்னு ஒன்னு நிக்கணும்ல, அது நிக்க மாட்டேங்குது, ஏன்னா பதிலையும் நீங்களே காமிச்சு அனுப்பிர்றீங்க. கேள்விய மட்டும் குடுங்க, பதில தியேட்டர்ல வந்து வாங்கிக்கிறோம்னு கேக்கத்தான் இத எழுதுறேன்.

நான் வில்லாபுரத்துல கல்யாண வீடியோ எடிட் பண்றவன். சிரிக்காதீங்க, எங்க தொழில்லயும் இப்ப டீசர், ட்ரெய்லர் எல்லாம் வந்துருச்சு, நிச்சயம் முடிஞ்ச கையோட "அண்ணே ஒரு முப்பது செகண்டு டீசர் வெட்டிக் குடுங்க, ஸ்டேட்டஸ் வைக்கணும்"னு மாப்ள வீட்ல இருந்து போன் வந்துரும். அதனால ஒரு கட்டுக்கும் அடுத்த கட்டுக்கும் நடுவுல பாக்குறவன் மண்டைக்குள்ள என்ன ஓடும்னு ஓரளவு தெரியும்.

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு த்ரில்லருக்கு செகண்ட் ஷோ போயிருந்தேன், படம் பேரு வேணாம், எடுத்தவங்க மேல எனக்குக் கோவம் இல்ல, பாவம்தான் வந்துச்சு. அந்தப் பட ட்ரெய்லர்ல டைட்டில் எல்லாம் போட்டு முடிச்சப்புறம் கடைசியா ஒரு ஷாட் வச்சிருந்தாங்க. ஒருத்தன் கையுறைய கழட்டுவான், மணிக்கட்டுல தீக்காயத் தழும்பு. மூஞ்சி தெரியாது, சரி, அதான் சஸ்பென்ஸ்னு நினைச்சிருப்பாங்க போல. தியேட்டர்ல படம் ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல ஹீரோயின் வீட்டு மாடில குடியிருக்குற ஒரு நல்ல மனுசன் சிலிண்டர் தூக்கி உதவி பண்ண வர்றாரு, சட்டைக் கைய மடிக்கிறாரு, எனக்குப் பின்னாடி வரிசைல இருந்து ஒரு குரல், "டேய் இவன்தாண்டா, ட்ரெய்லர்ல காமிச்சாய்ங்கல்ல". முடிஞ்சுச்சு சோலி. அதுக்கப்புறம் அந்த டைரக்டர் புருசன் மேல சந்தேகம் வர்ற மாதிரி எம்புட்டோ வேலை பாத்திருந்தாரு, டாக்டர் மேல, தங்கச்சி மேலன்னு. ஒருத்தரும் ஏமாறல. ஏமாறத்தான் காசு குடுத்து வந்திருந்தோம், அதுக்கு வழி இல்லாமப் போச்சு.

அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் அந்த ட்ரெய்லர அப்படியே எடிட்டிங் சாஃப்ட்வேர் டைம்லைன்ல இழுத்துப் போட்டு பாத்தேன். ஆடியோ வேவ்ஃபார்ம, அதான் சத்தம் ஏறி இறங்குறத காட்டுற கோட்டுப் படத்த, பாக்கணுமே, முதல் செகண்டுல இருந்து கடைசி வரைக்கும் மேலயும் கீழயும் முட்டிக்கிட்டு ஒரே பட்டையா நிக்குது. எங்கயும் பள்ளம் இல்ல. த்ரில்லர் ட்ரெய்லருக்கு உசுரே அந்தப் பள்ளத்துலதாண்ணே இருக்கு. ரைசர்னு சொல்ற, கொஞ்சம் கொஞ்சமா உச்சத்துக்குப் போற சத்தம் ஏறிக்கிட்டே போகுது, ஏறும்போதே காது "இப்ப இடிக்கும், இப்ப இடிக்கும்"னு தயாராகிருது, அந்த இடத்துல இடிக்காம சத்தத்த மொத்தமா அறுத்துட்டு ஒரு தாழ்ப்பாள் விழுற சத்தத்த மட்டும் வைங்க, இல்ல ஒரு ஆளு மூச்சு விடுற சத்தம். தியேட்டர்ல பாப்கார்ன் சாப்பிடுறவன் கை நின்னுரும். நீங்க என்னடான்னா அந்த இடத்துலயும் தம்முன்னு ஒரு அடி, டைட்டிலுக்கு இன்னொரு அடி, ரிலீஸ் தேதிக்கு இன்னொரு அடி. 2010 வாக்குல ஹாலிவுட் ட்ரெய்லர்கள்ல அந்த "ப்ராாாம்"னு வர்ற கொம்பு சத்தம் பிரபலமாச்சு, இன்னமும் அதையே நம்மாளுங்க ஊதிக்கிட்டு இருக்காங்க, கண்ண மூடிட்டுக் கேட்டா எந்தப் படம்னு யாருக்கும் தெரியாது.

அப்புறம் சவுண்ட மியூட் பண்ணிட்டு பாத்தேன். இதுல இன்னொரு விஷயம் புரிஞ்சுச்சு. ஹீரோயின் எதையோ பாத்து மிரளுறா, உடனே அவ பாத்தது என்னன்னு காட்டிர்றீங்க. எதுக்கு? நூறு வருசத்துக்கு முன்னாடியே ரஷ்யாவுல லெவ் குலேஷோவ்னு ஒரு டைரக்டர் ஒரே நடிகரோட ஒரே மூஞ்சிய எடுத்துக்கிட்டு, அதுக்கு அடுத்து ஒரு தடவ சூப் கிண்ணம், ஒரு தடவ சவப்பெட்டி, ஒரு தடவ ஒரு பொண்ணுன்னு மாத்தி மாத்தி ஒட்டிக் காமிச்சாரு. பாத்தவங்க மூஞ்சில பசி தெரியுது, துக்கம் தெரியுது, ஆசை தெரியுதுன்னாங்க. மூஞ்சி மாறவே இல்ல, பக்கத்துல வச்சதுதான் மாறுச்சு. இத அப்படியே திருப்பிப் போட்டா த்ரில்லர் ட்ரெய்லர். மிரண்ட மூஞ்சிய காட்டு, பக்கத்துல ஒன்னும் வைக்காத, கறுப்பு ஃப்ரேம விடு. பாக்குறவன் தனக்கு எது பயமோ அத அங்க கொண்டாந்து உக்கார வச்சுக்குவான். உங்க பட்ஜெட்ல கிராஃபிக்ஸ் பண்ணி அம்புட்டு பெரிய பயத்த காட்ட முடியாது சார், சத்தியமா.

சைக்கலாஜிக்கல் த்ரில்லருக்குன்னே இருக்குற இன்னொரு வித்தை, பேச்ச ஒரு சீன்ல இருந்தும் படத்த இன்னொரு சீன்ல இருந்தும் எடுத்து ஒட்டுறது. "நான் அவர கடைசியா பாத்தது செவ்வாக்கிழமை டாக்டர்"னு ஒரு அமைதியான குரல் வருது, படத்துல அதே பொண்ணு ராத்திரி குழாயடில கைய தேச்சு தேச்சு கழுவிக்கிட்டு இருக்கா. அவ்வளவுதான். ரத்தம் காட்டல, கத்தி காட்டல, ஆனா அவ சொல்றத நம்பலாமா வேணாமான்னு ஒரு முள்ளு உள்ள ஏறிருச்சு பாத்தீங்களா. இந்த வகைப் படத்துல கதவுக்குப் பின்னாடி யாரு நிக்கிறான்றது பெரிய கேள்வியே இல்ல. யாரோட கண்ணு வழியா நாம கதைய பாக்குறமோ அந்த ஆளே சரியில்லையோன்ற சந்தேகம்தான் மொத்த சரக்கும். அத முகமூடி போட்ட ஒருத்தன் கோடாலிய தூக்கிட்டு ஓடியாற ஷாட்டால எல்லாம் விக்க முடியாது.

மறைச்சா மட்டும் போதுமான்னு கேட்டா, போதாது. இங்கதான் நிறைய பேரு அந்தப் பக்கமா போய் விழுறாய்ங்க. ஒன்னுமே புரியாம இருட்டுல நாலு பேரு ஓடுனா அது சஸ்பென்ஸ் இல்ல, கரண்ட் கட்டு. சஸ்பென்ஸ் படத்துக்குப் பேர்போன டைரக்டர் ஹிட்ச்காக், ட்ரூஃபோன்ற பிரெஞ்சு டைரக்டர்கிட்ட சொன்ன மேஜை கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், ரெண்டு பேரு உக்காந்து பேசிக்கிட்டு இருக்காங்க, திடீர்னு குண்டு வெடிச்சா அது கொஞ்ச நேர அதிர்ச்சி, அதே குண்டு மேஜைக்கு அடியில இருக்குறது நமக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா அவங்க பேசுற வெட்டிப் பேச்சு மொத்தமும் நமக்கு நடுக்கம். ஆக சொல்லணும். குண்டு இருக்குன்னு சொல்லணும். வச்சது யாரு, வெடிச்சுச்சா இல்லையான்றத சொல்லக் கூடாது.

அந்த மனுசன் அத தன் ட்ரெய்லர்லயே செஞ்சு காமிச்சிருக்காரு. 1960ல வந்த சைக்கோ படத்துக்கு ஆறு நிமிசத்துக்கும் மேல ஓடுற ட்ரெய்லர், படத்துல இருந்து சீன் வெட்டிப் போடாம இவரே கோட்டு சூட்டோட வந்து, மகால் சுத்திக் காட்டுற கைடு கணக்கா அந்த மோட்டலையும் வீட்டையும் சுத்திக் காட்டுவாரு. இந்தப் படிக்கட்டுல ஒன்னு நடந்துச்சு, இந்த பாத்ரூம்ல ஒன்னு நடந்துச்சுன்னு சொல்லிக்கிட்டே வந்து, முக்கியமான இடம் வர்றப்ப வாக்கியத்த பாதியில முழுங்கிட்டு அடுத்த ரூமுக்குப் போயிருவாரு. கொலை நடக்குதுன்னு சொல்லிட்டாரு, இடத்தக்கூட சொல்லிட்டாரு. கடைசில ஷவர் திரைய இழுத்ததும் ஒரு பொண்ணு அலறுவா பாருங்க, அதுலயும் ஒரு தில்லாலங்கடி, அது படத்துல அந்த சீன்ல வர்ற ஜேனட் லீ இல்ல, அதே படத்துல நடிச்ச வேரா மைல்ஸ்! ட்ரெய்லர்ல பொய் சொல்லலாம்ணே, அது குத்தமே இல்ல, உண்மைய உளறுறதுதான் குத்தம்.

1980ல டைரக்டர் ஸ்டான்லி குப்ரிக், தி ஷைனிங்ன்ற தன்னோட திகில் படத்துக்கு இன்னும் ஒரு படி மேல போனாரு. ஒரே ஷாட். ரெண்டு லிஃப்ட் கதவு, கேமரா அசையல, பேர் எல்லாம் மேல ஏறிப் போகுது, இசை மட்டும் கிடந்து பிராண்டுது, அப்புறம் கதவு இடுக்குல இருந்து ரத்தம் வெள்ளமா பாயுது. நடிகர் மூஞ்சி இல்ல, டயலாக் இல்ல, கதை ஒரு வரி இல்ல. இத நம்ம ஊரு ஹீரோகிட்ட போய் "சார் ட்ரெய்லர்ல நீங்க இல்ல"ன்னு சொல்லிப் பாருங்க, அப்புறம் எடிட்டர் இருக்க மாட்டாரு.

வெளிநாட்டுக்கு எல்லாம் போகவே வேணாம். எங்க அப்பா காலத்துல தியேட்டர் வாசல்ல பாட்டுப் புத்தகம் விப்பாய்ங்க, அதுல முன்னாடி பக்கத்துல கதைச் சுருக்கம் இருக்கும், கதாநாயகன் ஜெயிலுக்குப் போற வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டு, தப்பினானா, தாயைக் கண்டானான்னு ரெண்டு கேள்விய தூக்கிப் போட்டு, "மீதியை வெள்ளித்திரையில் காண்க"ன்னு முடிச்சிருவாங்க. அத எழுதுனவரு பேரு எந்தப் புத்தகத்துலயும் இருக்காது, ஆனா எங்க நிறுத்தணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. 1952ல பராசக்தியோட திறந்த எங்க ஊரு தங்கம் தியேட்டர்ல ரெண்டாயிரத்து ஐநூறு சீட்டுக்கு மேல, அதையும் இந்த மாதிரி புத்தகத்தையும் பிட் நோட்டீஸையும் வச்சே நிரப்புன ஊரு இது.

இப்பவும் தெரிஞ்சவங்க இருக்காங்க. 2024ல மகாராஜா ட்ரெய்லர், ஒருத்தர் ஸ்டேஷனுக்கு வந்து லட்சுமிய காணோம்ன்றாரு, லட்சுமி யாருன்ற கேள்விய மட்டும் நம்ம கைல குடுத்துட்டுப் போயிருச்சு. ஜனம் வரலையா என்ன?

இதுக்கு உங்க பக்கத்து நியாயம் ஒன்னு இருக்கு, மறைக்கல. ஜனங்களுக்கு என்ன பாக்கப் போறோம்னு முன்னாடியே தெரிஞ்சாத்தான் வருவாங்கன்னு சொல்வீங்க. காஸ்ட் அவேன்ற ஹாலிவுட் படத்து ட்ரெய்லர்ல, ஆளில்லாத தீவுல மாட்டிக்கிட்ட ஹீரோ அங்க இருந்து ஊருக்குத் திரும்பிர்றதையே காமிச்சாங்க, டைரக்டர் ராபர்ட் ஜெமெக்கிஸே அது சரிதான்னு பேசுனாரு. 2011ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் டியாகோ வளாகத்துல ஒரு ஆய்வு பண்ணி, முடிவு முன்னாடியே தெரிஞ்ச கதைகளத்தான் ஆளுக கொஞ்சம் கூடுதலா ரசிச்சாங்கன்னும் சொல்லிருக்காங்க. சரி. ஆனா அது வீட்ல தனியா உக்காந்து படிக்கிற சிறுகதை. இங்க ஒரு குடும்பம் டிக்கெட்டு, பார்க்கிங்கு, இடைவேளைல பப்ஸு, கோன் ஐஸுன்னு சொளையா எண்ணி வச்சிட்டு வந்து உக்காருது. அவங்களுக்குத் தெரிய வேண்டியது படம் என்ன மாதிரி, பிள்ளைகள கூட்டிட்டுப் போலாமா, ராத்திரி தூக்கம் வருமா, அவ்வளவுதான். அத தாராளமா சொல்லுங்க, எங்க மதினி மாதிரி ஆளுகளுக்கு அது ரொம்பத் தேவை. கொலைகாரன் யாருன்னு அவங்களும் கேக்கல.

இன்னொன்னு, அந்த "யாரும் எதிர்பாராத ட்விஸ்ட்"னு கார்டு போடுறத முதல்ல நிறுத்துங்க. ட்விஸ்ட் இருக்குன்னு சொல்லிட்டா முதல் சீன்ல இருந்து நாங்க படம் பாக்க மாட்டோம், துப்பறிவோம். ரொம்ப நல்லவனா எவன் வர்றானோ அவன் மேல கண்ண வச்சிருவோம், எங்க ஊருல இதுக்குன்னே பந்தயம் கட்டுறவய்ங்க இருக்காய்ங்க.

நான் கேக்குறது பெருசா ஒன்னும் இல்ல. ட்ரெய்லருக்கு ஃபுட்டேஜ் எடுக்கும்போது இடைவேளைக்கு அப்புறம் வர்ற ரீலத் தொடாதீங்க. தொட்டே ஆகணும்னா கதைக்கு சம்பந்தம் இல்லாத ஷாட்டா பாத்து எடுங்க. கட் முடிச்சதும் படத்தப் பத்தி ஒன்னுமே தெரியாத ஒரு ஆள, டீ குடுக்க வர்ற தம்பியா இருந்தாலும் சரி, உக்கார வச்சுப் போட்டுக் காமிச்சு "கதை என்னப்பா?"ன்னு கேளுங்க. அவரு முழுசா சொல்லிட்டாருன்னா திரும்ப வெட்டுங்க. "அந்தப் பொண்ணு ஏன் சார் கைய கழுவுச்சு?"ன்னு கேட்டாருன்னா ரெண்டரை நிமிசம்கூட வேணாம், அம்பது செகண்டு போதும், அப்படியே அனுப்பிருங்க.

இப்படிக்கு,
வில்லாபுரம் கல்யாண வீடியோக்காரன்

பி.கு: யூட்யூப் தம்ப்னெயில் போடுற தம்பிகளுக்கும் சேத்து இத ஃபார்வேர்டு பண்ணி விடுங்க சார். ட்ரெய்லர்ல எடிட்டர் பாத்துப் பாத்து மறைச்ச மூஞ்சிய, ரிலீஸ் அன்னைக்கே சக்சஸ் மீட் வீடியோவுக்கு முன்னாடி பெருசா ஒட்டி செவப்பு வட்டமும் போட்டு வச்சிருக்காய்ங்க.