குருயேர் போய் வந்தோம்

அன்புள்ள அம்மா,

இஞ்சை எல்லாரும் சுகம். அப்பாவின் கால் வீக்கம் வற்றிவிட்டதா, போனில் கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லுவார், நீங்கள் உண்மையை எழுதுங்கோ.

போன சனிக்கிழமை பெடியளின் கரைச்சல் தாங்காமல் பேர்ணிலிருந்து ரயிலேறி, இங்கே சுவிஸிலேயே இருக்கிற குருயேர் என்ற ஊருக்குப் போனோம். சின்னக் குன்றொன்று, மேலே மதில் கட்டிய பழைய ஊர், தெரு முடிகிற இடத்தில் கோட்டை. கார்களைக் கீழேயே நிற்பாட்டிவிட வேண்டும். வடிவான ஊர்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் சனம் என்றால் அப்படிச் சனம். பார்க்கிற பக்கமெல்லாம் சாப்பாட்டுக் கடையும் மாட்டுப் பொம்மைக் கடையும். குடியிருக்கிற ஆட்கள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

அந்த நெரிசலுக்குள் ஒரு கல் கண்டேன். குழி குழியாகக் குடைந்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. அந்தக் காலத்தில் சந்தையில் தானியம் அளந்த கல்லாம். அரிசி அளக்கிற எங்கள் கொத்து மாதிரித்தான், தூக்கிக்கொண்டு போய்க் கள்ள அளவை அளக்க ஏலாது, அவ்வளவுதான் வித்தியாசம். சனமெல்லாம் கோட்டையைப் படம் எடுக்குது, பக்கத்தில் ஒருத்தர் சாய்ந்து நின்று ஐஸ்கிறீம் குடிக்கிறார், கல்லை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஒரு குழிக்குள் கையை விட்டுப் பார்த்தேன், உள்ளே அப்படி வழுவழுப்பு. நீங்கள் வந்திருந்தால் எத்தனை கொத்துப் பிடிக்கும் என்று உடனே சொல்லியிருப்பீர்கள்.

கோட்டைக்காரரின் கதை இன்னும் நல்லது. கடைசிப் பிரபு மிஷேல் கடன் பட்டுப் பட்டு 1554இல் வங்குரோத்து, கடன் கொடுத்த பேர்ண், பிறிபோர்க் நகரங்கள் அவருடைய நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. சீட்டு முறிந்த வீடுகளைப் பார்த்த உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அப்புறம் கீழே இறங்கிச் சீஸ் செய்கிற இடத்துக்குப் போனோம். முப்பத்தைந்து கிலோ வட்டம் ஒன்றுக்கு நானூறு லீற்றர் பால் போகுமாம். சின்னவன் ஓட்டை எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தான், இந்தச் சீஸில் அப்படிப் பெரிய ஓட்டை வராது, அது எமென்டால் என்கிற சீஸில். வாங்கி அனுப்பவில்லை அம்மா, அந்த மணத்தோடு உங்கள் சாமியறைப் பக்கம் வைக்க விட மாட்டீர்கள். பக்கத்தில் புரோக் என்ற ஊரில் 1898இலேயே தொடங்கிய சொக்கலேட் ஆலை இருக்கு, அங்கே வாங்கியதை மாமா வரும்போது தந்துவிடுகிறேன். அப்பாவுக்குச் சீனி கூடும், ஒளித்து வையுங்கோ.

அன்புடன்,
உங்கள் மகள்