எங்கள் தராசுக்கு வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்

மலேசிய அணுசக்தித் துறையின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட்டில் நானும் என் கணவரும் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பழைய இரும்புக்கடை நடத்தி வருகிறோம். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து துருப்பிடித்த குழாய், உடைந்த மோட்டார், தேய்ந்த செம்பனை அரிவாள் எல்லாம் எங்களிடம்தான் வந்து சேரும். நிறுத்துப் பார்ப்பதும் கணக்கு எழுதுவதும் என் வேலை.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, லயத்துப் பையன் ஒருவன் மோட்டார் சைக்கிளின் பின்னால் எதையோ உரச்சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தான். மைலோ டின் அளவுதான் இருந்தது. ஒரு கையால் அசைக்க முடியவில்லை. ஓரத்தில் மஞ்சள் சாயம் உரிந்திருந்தது. "ஆற்றோரம் கிடந்தது அக்கா. ஈயம்தான். நல்ல விலை கொடுங்கள்" என்றான்.

எனக்கு 2018ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அந்த ஆகஸ்ட் 10ஆம் தேதி, சிரம்பானிலிருந்து ஷா ஆலாம் போன வண்டியிலிருந்து 23 கிலோ எடையுள்ள ஒரு கதிர்வீச்சுக் கருவி காணாமல் போனது. குழாய்ப் பற்றவைப்பில் விரிசல் இருக்கிறதா என்று படம்பிடித்துப் பார்க்கும் கருவி அது. உள்ளே இரிடியம் 192 என்ற கதிரியக்க உலோகம். அந்த உலோகத் துண்டு பாசிப்பயறு அளவே இருக்கும். மற்ற கனமெல்லாம் அதை அடைத்து வைக்கும் கவசம். கவசம் மூடியிருக்கும் வரை பயமில்லை. ஆனால் கனமான எதையும் உடைத்துப் பார்ப்பதுதான் எங்கள் தொழில்! செய்தியை நான் படித்தபோது அந்த மாதம் இருபதாம் தேதி தாண்டிவிட்டது. அதுவரை எங்களைப் போன்ற கடைகளுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பையனிடம் அதைக் கொல்லையில் ரம்புத்தான் மரத்தடியில் வைக்கச் சொல்லிவிட்டு, ஓர் அரசு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்தவர், "வண்டியில் போட்டுக் கொண்டு வாருங்கள், பார்க்கலாம்" என்றார்.

பிரேசிலில் கொயானியா நகரத்துப் பெண் ஒருத்தியும் அப்படித்தான் கொண்டுபோனாள். 1987இல், கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவியின் பாகத்தை இரண்டு பேர் எடுத்துவந்து பழைய இரும்புக்கடையில் விற்றார்கள். உள்ளிருந்த சீசியம் 137 என்ற கதிரியக்கத் தூள் இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது. அதிசயம் என்று உறவினர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அந்தத் தூள் ஒட்டிய கையாலேயே சாப்பிட்டாள். வீட்டில் ஒவ்வொருவராக நோயில் விழுவதற்கு இதுதான் காரணம் என்று முதலில் சந்தேகித்தவள் கடைக்காரரின் மனைவி. ஒரு பையில் போட்டு, பஸ் ஏறி, சுகாதார அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்தாள். அவளால்தான் உண்மை வெளியே வந்தது. அவளும் அந்தச் சிறுமியும் உட்பட நால்வர் இறந்தார்கள். 249 பேர் மீது கதிரியக்கம் படிந்திருந்தது.

நானும் ஒரு கடைக்காரரின் மனைவி. அன்றிரவு பையனின் அம்மா எங்கள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். "கையைக் கழுவிவிட்டான், போதுமா?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாள் பிற்பகல் ஒருவர் கதிர்வீச்சு அளவுமானியோடு வந்து பார்த்தார். வெறும் ஈயக் கட்டி.

கருவிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செம்பனை ஆலைக் கொதிகலன் வெடித்தால் சாவது எங்கள் ஆட்கள்தான். அதன் பற்றவைப்பைச் சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கருவி சாலையில் போகும்போது எங்கே இருக்கிறது என்பது ஓட்டுநருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. தென்கொரியா இப்படிப்பட்ட கருவிகள் இருக்கும் இடத்தை உடனுக்குடன் தொடரும் முறையை வைத்திருக்கிறது. 2012 சியோல் அணுப் பாதுகாப்பு மாநாட்டில் அனைத்துலக அணுசக்தி முகவாண்மையோடு சேர்ந்து அதை வியட்நாமுக்கும் கொண்டுபோக ஒப்புக்கொண்டது. இங்கும் கருவியோடு சேர்த்தே இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைப் பெட்டி பூட்டப்பட வேண்டும். வண்டியில் மட்டும் பொருத்தினால், கருவி விழுந்த பிறகும் வண்டி ஒழுங்காகப் போவதைத்தான் திரை காட்டும். கருவி இருக்கும் இடத்தை ஊருக்கெல்லாம் அறிவிக்கச் சொல்லவில்லை, திருடனும் பார்ப்பான். உங்கள் திரையில் தெரிந்தால் போதும்.

காணாமல் போனால் அன்றே சொல்லுங்கள், படத்தோடு, தமிழிலும். 2023இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் எட்டு மில்லிமீட்டர் கதிரியக்க உருளை ஒன்று லோரியிலிருந்து விழுந்தபோது, அதன் அளவைச் சொல்லி, ஐந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்று மக்களிடம் அறிவித்தார்கள். 1,400 கிலோமீட்டர் சாலையில் தேடிக் கண்டும்பிடித்தார்கள்.

தாய்லாந்தின் சமுத்பிரகானில் 2000ஆம் ஆண்டு கோபால்ட் 60 கருவியைப் பழைய இரும்புக்கடையில் உடைத்தபோது மூவர் இறந்தார்கள். கதிர்வீச்சை எச்சரிக்கும் மூவிலைச் சின்னம் அதில் இருந்தது. அதன் பொருள்தான் யாருக்கும் புரியவில்லை. 2007இல் வந்த புதிய சின்னத்தில் மண்டையோடும் ஓடும் மனிதனும் சிவப்புப் பின்னணியில் இருக்கின்றன. எழுத்து தெரியாதவருக்கும் அது புரியும். அதை ஒவ்வொரு பழைய இரும்புக்கடைக்கும் தோட்ட அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். எப்போது அழைத்தாலும் எடுக்கும் ஓர் எண்ணையும், எடுப்பவர் "தொடாதீர்கள், நாங்கள் வருகிறோம்" என்று சொல்வார் என்ற உறுதியையும் கொடுங்கள்.

எங்கள் தராசுக்கு மேலே சுவரில் நாள்காட்டியைக் கழற்றி இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பழைய இரும்புக்கடைக்காரப் பெண்,
சுங்கை சிப்புட், பேராக்