வலி மாத்திரையும் இரத்த அழுத்தமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர் இரத்த அழுத்தத்துக்குக் காரணங்களாக வயது, பரம்பரை, உடல் பருமன், உப்பு, மது, புகையிலை ஆகியவற்றைப் பலரும் சரியாகவே எடுத்துரைக்கிறார்கள். ஆயினும் தாராவியில் வாழும் நம் மக்களிடையே அன்றாடம் காணக்கூடிய இன்னொரு காரணம் போதிய அளவு பேசப்படுவதில்லை. மருத்துவரைக் கேளாமல் வாங்கி விழுங்கும் வலி மாத்திரையைத்தான் சொல்கிறேன்.

விடியுமுன் எழுந்து இட்லி அவித்து, சாம்பார் சட்னியோடு தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்பவர்களுக்கு முழங்கால் வலியும் இடுப்பு வலியும் ஓய்வதே இல்லை. மருந்துக்கடையில் வலி என்று சொன்னவுடன் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரைகளைக் கத்தரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். பெயரும் காலாவதித் தேதியும் அச்சிட்ட பகுதி கடையிலேயே தங்கிவிடுவதால், பின்னர் மருத்துவர் விசாரித்தால் சொல்லவும் வழியில்லை.

டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மருந்துகள், உப்பையும் நீரையும் வெளியேற்றும் சிறுநீரகத்தின் வேலையைத் தடுப்பதால், அந்த உப்பும் நீரும் உடலில் தேங்கி இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஏற்கெனவே அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கோ, அம்மருந்துகள் பலவற்றின் பலனையும் இவை குறைத்துவிடுகின்றன. இவ்வாறு நெடுநாள் உட்கொண்டு சிறுநீரகமே பழுதுபட்டால், அப்பழுது மேலும் அழுத்தத்தை உயர்த்தும். உயர் இரத்த அழுத்தத்தின் எல்லையான 140/90 என்ற அளவைத் தாண்டிய பின்னும் தலைவலியோ மயக்கமோ இல்லாமல் இருக்கலாம் என்பதால், பலர் அளந்து பார்க்கும்வரை எதையும் அறிவதில்லை.

உப்பின் பங்கு சிறிதல்ல. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் சேரும் சாப்பாட்டில் அந்த வரம்பு எளிதில் மீறப்படுகிறது. அதன்மேல் வலி மாத்திரையும் சேர்வதே எனக்குப் பெருங்கவலையாக இருக்கிறது.

ஆஸ்பிரினும் வலி மாத்திரைதான் என்றாலும், இதய நோய்க்கென்று மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினை இக்கடிதத்தைப் படித்துவிட்டு யாரும் நிறுத்திவிடக் கூடாது. நான் சொல்வது சீட்டில்லாமல் வாங்குவதைப் பற்றி மட்டுமே. டைக்ளோஃபினாக் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்து என்பதைக் கடைக்காரர்கள் மதித்து நடக்க வேண்டும். மாநகராட்சி மருந்தகங்களில் அழுத்தம் அளக்கும்போதே, "வலிக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்பதை வழக்கமாக்கவும், தமிழர் மிகுந்த பகுதிகளில் இவ்வெச்சரிக்கையைத் தமிழிலும் எழுதி வைக்கவும் அதிகாரிகளை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தாராவி வாசகர் ஒருவர்,
மும்பை