ஓட்டைக் கும்மட்டத்துக்குள் மழை: அய்யாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அய்யா,

வகுப்போடு ரோமுக்குப் போய், பாந்தியன் என்ற பழைய கோயிலைப் பார்த்த அன்றைக்கு ராத்திரி போனில் நீங்கள் கேட்டதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் விடுதியின் வைஃபை போய்விட்டது. அம்மா "குளிருதா", அப்பா "சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க", அப்பத்தா "பாஸ்போர்ட்ட இடுப்புலயே வச்சுக்க" என்று முடித்த பிறகு போனை வாங்கினீர்கள். எடுத்த எடுப்பில் கேட்டீர்கள்: "மேல அம்புட்டுப் பெரிய ஓட்டைங்கிற, மழை பெஞ்சா தண்ணி எங்குட்டுப் போகும்?"

எங்கள் வகுப்பில் முப்பத்திரண்டு பேர், கூட வந்த ஆசிரியர்கள் இரண்டு பேர். யாரும் கேட்காத கேள்வி அது. இப்போது திருச்சிக்குத் திரும்பிவிட்டேன். பரீட்சை முடியும்வரை ஊர்ப்பக்கம் வர முடியாது என்பதால் எழுதி அனுப்புகிறேன். தம்பி வாசித்துக் காட்டுவான். ரயில் மாதிரி ஓடுவான், தலையில் ஒரு குட்டு வைத்து நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் உள்ளேதான் விழுகிறது அய்யா. மூடியும் இல்லை, கண்ணாடியும் இல்லை. உச்சியில் ஏறக்குறைய 28 அடி அகலத்துக்கு வானத்தைப் பார்த்த வட்டம். நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை மாதிரி ரோமிலும் அக்டோபர், நவம்பர்தான் மழை மாதம். நாங்கள் போன அன்று காலையிலிருந்தே தூறல். பத்தரை மணிக்கு அது மழையானது. அவ்வளவு உயரத்திலிருந்து விழும்போது தாரையாக இல்லை, ஊசி ஊசியாக, வெளிச்சத்தில் மின்னிக்கொண்டு இறங்கியது. நடுவில் கயிறு கட்டி ஆட்களை ஒதுக்கிவிட்டார்கள். "அமைதி, அமைதி" என்று ஒலிபெருக்கியில் பல மொழியில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். யாரும் கேட்பதாக இல்லை. நான் கயிற்றோரம் குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்தேன். பளிங்கில் சின்னச் சின்ன ஓட்டைகள், மொத்தம் 22. தரை நடுவில் லேசாகத் தூக்கி, ஓரத்துக்குச் சரிவாக இருக்கிறது. வாட்டம் குடுத்திருக்கிறார்கள் அய்யா! வெறும் கண்ணுக்குத் தெரியாத வாட்டம். அந்தத் தண்ணீர் அவசரமே இல்லாமல் ஓட்டையைத் தேடிப் போனது.

கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டு முற்றத்தில் வாட்டம் சரியில்லை என்று, பதித்த கல்லை ஒரு நாள் முழுக்கப் பெயர்த்துப் பெயர்த்து நீங்கள் போட்டது ஞாபகம் வந்தது. எனக்கு அப்போது எட்டு வயசு. ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி "ஓடுதா, நிக்குதா பாரு" என்று என்னைக் காவல் வைத்தீர்கள். முற்றம் வைத்த வீட்டில் மழை உள்ளே விழுவது நமக்குப் புதிதா என்ன. என் பக்கத்தில் நின்ற பையன்தான் "கட்டி முடிக்கலையா?" என்று கேட்டான். எங்கள் வகுப்புப் பையன் இல்லை, வேறு நாட்டுக்காரன்.

பாந்தியன் என்ற பேரைக் கேட்டு "பாண்டியன் கட்டுனதா?" என்று நீங்கள் கேட்டதை வகுப்பில் சொன்னேன், ரெண்டு நாள் சிரித்தார்கள்.

வழியில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விசாவுக்கு அப்பாவின் மூன்று மாத வங்கிக் கணக்கை மூன்று முறை கேட்டார்கள்; ஒரு முறை நான் அழுதேன். விமானம் கிளம்பும்போது காது அடைத்தது, மற்றபடி பேருந்துதான். விமான நிலையத்திலிருந்து ரயிலில் தெர்மினி ஸ்டேஷனில் இறங்கி, அடியில் இருக்கும் ஒரு பர்கர் கடைக்குப் போனால், கடைக்கு நடுவில் கருத்த பெரிய கற்களால் கட்டிய மதில் துண்டு. கி.மு. 4-ஆம் நூற்றாண்டுக் கோட்டை மதில். இடிக்காமல் அதைச் சுற்றியே கடை போட்டிருக்கிறார்கள். உருளைக்கிழங்கு வறுவலைத் தின்றுகொண்டே பிள்ளைகள் அதில் சாய்ந்திருக்கிறார்கள். அங்கேயே எனக்கு உங்கள் நினைப்பு தொடங்கிவிட்டது.

இனி நீங்கள் கேட்கப் போகிற கேள்வி எனக்குத் தெரியும். எப்படிக் கட்டினான்?

அடியில் கும்மட்டத்தின் குறுக்களவு 142 அடி. தரையிலிருந்து உச்சி ஓட்டை வரை உயரமும் அதே 142 அடி. உள்ளே ஒரு பெரிய பந்தை வைத்தால் தொட்டுக்கொண்டு நிற்கும். கம்பி கிடையாது. ஒரு கம்பிகூடக் கிடையாது. கம்பி போடாத கான்கிரீட் கும்மட்டத்தில் இன்றைக்கும் உலகத்தில் இதுதான் பெரியது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷமாக நிற்கிறது. கான்கிரீட் என்றதும் நம் மிக்சர் வண்டியை நினைக்காதீர்கள். ஊற்றவில்லை. கல் துண்டுகளைக் கையால் அடுக்கி, காரையைப் போட்டு, அடுத்த வரிசை, மறுபடி காரை. காரை என்பது சுண்ணாம்பும் எரிமலை மண்ணும். நேப்பிள்ஸ் பக்கம் பொட்ஸுவோலி என்ற ஊரின் மண்ணுக்கு அதில் பெரிய பேர். தண்ணீருக்குள்ளேயே இறுகும். செங்கலைப் பொடி செய்து சுண்ணாம்பில் சேர்ப்பீர்களே, அதே வேலையை அங்கே எரிமலை செய்து கொடுத்துவிடுகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். அஸ்திவாரத்துக்குக் கனமான கல். சுவர் ஏற ஏறக் கொஞ்சம் லேசானது, அப்புறம் செங்கல் துண்டு. உச்சிக்குப் போனால் நுரைக்கல், குதிகாலைத் தேய்க்கிற அந்தக் கல், தண்ணீரில் மிதக்குமே, அது. அடியில் சுவரின் கனம் 20 அடி; ஓட்டை விளிம்பில் 4 அடி. உள்பக்கம் ஐந்து வரிசைச் சதுரக் குழிகள், அதுவும் எடையைக் குறைக்கிறது. ஒரு வரிசைக்கு 28 குழி. வட்டத்தை 28-ஆகப் பங்கு போடுவதற்கு அவர்கள் கயிற்றை எப்படிப் பிடித்தார்கள் என்று ஆசிரியரைக் கேட்டேன். "நல்ல கேள்வி" என்றார். பதில் தெரியாத ஆசிரியர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

விரிசல் இருக்கிறது. மறைக்க மாட்டேன். கீழ்ப் பாதியில் மேல்நோக்கி ஓடுகிற விரிசல்களை ஆராய்ச்சிக்காரர்கள் வரைந்தே வைத்திருக்கிறார்கள்.

முகப்பில் 16 தூண். எகிப்திலிருந்து கப்பலில் வந்த கருங்கல், ஒவ்வொன்றும் ஒரே கல், கிட்டத்தட்ட 40 அடி. முகப்புக்கூரைக்குப் பின்னால் இன்னும் உயரத்தில் இன்னொரு கூரைக் கோடு சுவரில் தனியாக நிற்கிறது, பார்த்தால் ஏதோ தப்பாகிவிட்ட மாதிரி இருக்கும். முதலில் 50 அடித் தூணுக்குத்தான் திட்டம் போட்டார்கள், அந்த அளவு கல் வந்து சேரவில்லை, இருந்ததை வைத்து ஒப்பேற்றினார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் சொல்கிறார்கள். சொன்ன சைஸ் வராமல் வேலையைத் தள்ளாடி முடிக்கிற கதை உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

மேலே பெரிய எழுத்தில் "அக்ரிப்பா கட்டினான்" என்று இருக்கிறது. அவன் கட்டியது இது இல்லை. அவன் கட்டியது கி.பி. 80-ல் எரிந்து போனது. இப்போதிருப்பது ஹேட்ரியன் என்ற ரோமப் பேரரசன் காலத்தில் முடிந்தது, ஆனால் அவன் பழைய பெயரையே வைத்துவிட்டான். எந்தக் காலத்தது என்று கண்டுபிடித்துக் கொடுத்தது அந்தப் பெரிய எழுத்து இல்லை அய்யா, செங்கல். சூளைக்காரர்கள் செங்கல்லில் குத்திய முத்திரையை வைத்துத்தான் பிடித்தார்கள். நம் ஊர்ச் சூளைச் செங்கல்லில் இருக்கும் ரெண்டு எழுத்து மாதிரி.

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

ரோமக் காரையை உடைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டி இருக்கும். ஒழுங்காகக் கலக்கவில்லை, சோம்பேறி வேலை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். குழியில் தண்ணீர் விட்டு நீற்றி, நாள் கணக்கில் ஊறவிட்டு, சலித்து, அரைத்து, கடுக்காய்த் தண்ணீர் விட்ட கலவையில் ஒரு சின்னக் கட்டி கைக்குத் தட்டுப்பட்டால் சித்தாள் அக்காக்களைத் திட்டுவீர்களே. ஆனால் 2023-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு குழு வேறு மாதிரி சொல்லியிருக்கிறது. ரோமுக்குத் தெற்கே பிரிவேர்னம் என்ற பழைய ஊரின் மதிலிலிருந்து துண்டு எடுத்து ஆராய்ந்தார்கள். சுட்ட சுண்ணாம்பை நீற்றாமல் அப்படியே மண்ணோடு போட்டுச் சூடாகக் கலந்திருக்கிறார்கள், அதனால்தான் அந்தக் கட்டி, அது வேண்டும் என்றே விட்டது என்கிறார்கள். பின்னால் விரிசல் விட்டுத் தண்ணீர் இறங்கினால், கட்டியிலிருக்கும் சுண்ணாம்பு கரைந்து, விரிசலில் போய் மறுபடி கல்லாகிவிடுகிறது. அதே மாதிரி செய்து, அரை மில்லிமீட்டர் விரிசல் வைத்துத் தண்ணீர் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். ரெண்டு வாரத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. கட்டி இல்லாத துண்டில் நிற்கவே இல்லை.

நீங்கள் சொல்கிற பதிலும் என் காதில் விழுகிறது. "பூச்சுல கட்டி இருந்தா பொரிஞ்சு வெடிச்சுரும்." சரிதான். பூச்சுக்கு நீங்கள் சொல்வது, இருபது அடிச் சுவருக்கு அவர்கள் செய்தது. இதுதான் என் எண்ணம், தப்பாக இருந்தால் சொல்லுங்கள்.

டைபர் ஆற்றுக்கு அக்கரையில் திராஸ்தேவெரே என்ற தெருக்கள். ஒரு வீட்டுச் சுவரில் சாரம் கட்டி வேலை நடந்தது. வாளியில் தயிர் மாதிரி சுண்ணாம்பு. அந்த வாசம்! ஈரமும் காரமுமாக மூக்கில் ஏறுமே, அதே வாசம். கிட்டப் போய் எட்டிப் பார்த்தேன். மேலேயிருந்து ஒரு பெரியவர், எழுபது வயசிருக்கும், கையில் கரண்டியோடு கத்தினார். எனக்கு இத்தாலி மொழி தெரியாது. ஆனால் "சாரத்துக்கு அடியில நிக்காத, மூதேவி" என்பதை எந்த மொழியில் கத்தினாலும் எனக்குப் புரியும். ஓடிவந்துவிட்டேன். சிரித்துக்கொண்டே ஓடியதைப் பார்த்து அவர் இன்னும் கொஞ்சம் கத்தினார்.

அங்கே வைத்துத்தான் ஒன்று மனசில் இடித்தது. ரெண்டாம் வருஷம் கட்டுமானப் பொருள் பாடத்தில், "யார் வீட்டிலாவது சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் உண்டா?" என்று கேட்டார்கள். நான் கையைத் தூக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் அப்பா பில்டர், முன்னால் இருந்தவன் அம்மா இன்ஜினியர். எங்கள் அய்யா கொத்தனார் என்று சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை. போனில் சொல்லத் தைரியம் இல்லாமல் இங்கே எல்லோரும் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன். தம்பி, இதையும் விடாமல் வாசி.

அப்பத்தாவுக்கு: சாப்பாடு பரவாயில்லை. பீட்சாவைப் பெரிய தட்டில் வைத்து, எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டச் சொல்லி, கத்தரிக்கோலால் வெட்டி, எடை போட்டு விற்கிறார்கள். காப்பியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. குடிதண்ணீருக்குக் காசே இல்லை. தெருவுக்குத் தெரு இரும்புக் குழாய், நகரம் முழுக்க 2,500-க்கு மேல் இருக்கிறதாம். வளைந்த மூக்கு மாதிரி இருப்பதால் "நாசோனி" என்று பேர். நுனியை விரலால் அடைத்தால் மேலே ஒரு சின்னத் துளையில் தண்ணீர் பீறிட்டு நேராக வாய்க்கு வருகிறது. முதல் தடவை என் முகம் முழுக்க.

இன்னொன்றும் சாப்பிட்டேன், காச்சோ எ பெப்பே. செம்மறிப் பால் சீஸும் மிளகும் மட்டும் போட்ட சேமியா மாதிரி ஒன்று. மிளகு தாராளமாக. நம் பக்கத்து மிளகுக்கு அந்த ஊரில் தனிக் கிட்டங்கியே கட்டியிருந்தார்கள். பழைய சந்தைவெளிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மண்டபத்துக்கு அடியில் அதன் மிச்சம் கிடக்கிறது. மிளகுக்கும் துணிக்கும் முத்துக்கும் பொன்னாக இந்தியாவுக்குப் போகிறதே என்று பிளினி என்ற ரோம எழுத்தாளர் அப்போதே புலம்பி எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பொன் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். நம் புதுக்கோட்டைப் பக்கம் கறுக்காக்குறிச்சியில் 1898-ல் ஒரே இடத்தில் 501 ரோமப் பொற்காசு கிடைத்ததே. பல காசுகளில் ராஜா முகத்தில் உளியால் ஒரு வெட்டு. இங்கே செல்லாது என்று நம் ஆள் போட்ட வெட்டாக இருக்கும்.

கொலோசியத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம். படத்தில் அம்மைத் தழும்பு மாதிரி சுவர் முழுக்கக் குழி தெரியுமே, அது போர்க் குண்டு இல்லை. கல்லோடு கல்லைப் பிடிக்க வைத்திருந்த இரும்புக் கவ்வியைப் பிற்காலத்தில் நோண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பழைய வீட்டில் தேக்கையும் நிலையையும் கழற்றி விற்கிற நம் ஆட்கள் மாதிரியேதான்.

பரீட்சை டிசம்பர் கடைசியில் முடிகிறது. வந்ததும் கொல்லைப்புறத்தில் ரெண்டு சட்டி கலவை போடலாமா? ஒன்று உங்கள் முறை, ஒன்று கட்டியோடு. சுட்ட சுண்ணாம்புக்கு இப்போது எங்கே சொல்ல வேண்டும், கடுக்காய் எத்தனை நாள் ஊற வேண்டும், கலவை பதம் வந்துவிட்டது என்று கரண்டியில் எப்படித் தெரியும்? புத்தகத்தில் "தேவையான பதம்" என்று மட்டும்தான் போட்டிருக்கிறது.

தம்பி, இதோடு முடிந்தது. அய்யா என்ன சொல்கிறாரோ, திட்டினாலும் சரி, ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதி அனுப்பு.

உங்கள் பேத்தி