தீ அணைந்த பிறகு வரும் சாவு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் காட்டுத்தீ பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். அக்கறையோடு எழுதப்பட்ட கட்டுரைதான். ஆனால், ‘2019–20 ஆஸ்திரேலியத் தீயில் 300 கோடி விலங்குகள் கருகி மாண்டன’ என்று அதில் ஒரு வரி வருகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் குடியிருக்கும் எனக்கு அந்த வரியைச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

அந்த எண்ணிக்கை, சிட்னி பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ் டிக்மன் உள்ளிட்டோர் தயாரித்து 2020 ஜூலையில் வெளிவந்த ஆய்விலிருந்து வந்தது. தீ பரவிய நிலத்தில் வாழ்ந்திருக்கக்கூடிய உயிர்களின் மதிப்பீடு அது. சுமார் 14 கோடி பாலூட்டிகள், 246 கோடி ஊர்வன, 18 கோடி பறவைகள், 5 கோடி தவளைகள். இவை செத்திருக்கலாம், அல்லது இருந்த இடத்தை இழந்திருக்கலாம் என்றே ஆய்வாளர்கள் சொன்னார்கள். இழப்பைக் குறைத்துக் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அன்றைக்கே எல்லாம் செத்துவிட்டது என்று நம்பிவிட்டால், அப்புறம் அந்தக் காட்டில் நடப்பதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

தீ வரும்போது எல்லா விலங்கும் ஓடுவதில்லை. கோலா என்கிற விலங்கு, தான் இருக்கும் மரத்தின் உச்சிக்கு ஏறும். தீ உச்சியைப் பிடித்தால் அதற்குப் போக்கிடம் இல்லை. உடம்பெல்லாம் முள்ளுள்ள எக்கிட்னா நேர்மாறு. மேற்கு ஆஸ்திரேலியாவில் எக்கிட்னாக்களின் உடம்பில் கருவி பொருத்திக் கவனித்தபோது, அவற்றில் பெரும்பாலானவை இடத்தை விட்டு ஓடவில்லை. தீக்குப் பிந்தைய நாட்களில் உடல் சூட்டைத் தணித்துக்கொண்டு உறக்கம் போன்ற நிலையில் அதிக நேரம் கிடந்தன. அந்த நிலையில் தீனி கொஞ்சம் போதும். வாம்பேட் என்கிற, வளை தோண்டி வாழும் விலங்கின் வளையும் மற்ற சிறு விலங்குகளுக்குப் புகலிடமாகிறது. ஆக, கடுந்தீயிலும் ஒரு கூட்டம் பிழைத்து வெளியே வரத்தான் செய்கிறது. வந்து என்ன பார்க்கிறது? ஒளிய ஒரு புதர் இல்லை, கடிக்க ஓர் இலை இல்லை.

எங்கள் மாநிலத்தின் கங்காரு தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜனவரிக்குள் அங்கே 2 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. கிட்டத்தட்ட பாதித் தீவு. உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு டன்னார்ட் இனம் அங்கே உண்டு. பார்க்க எலி மாதிரி இருந்தாலும் கங்காருவைப் போல வயிற்றில் பை உள்ள பிராணி. அதன் வாழிடத்தில் 90 சதவீதத்துக்கு மேல் சாம்பலானது. அந்தத் தீவில் நரி கிடையாது. பூனை உண்டு. வீட்டுப் பூனைதான்; குடியேறியவர்கள் கொண்டுவந்து, காட்டோடு போய்விட்ட இனம். தீ ஓய்ந்த பிறகு பிடிபட்ட பூனைகள் சிலவற்றின் வயிற்றில் டன்னார்ட்டின் மிச்சம் இருந்தது. தீயில் தப்பிய ஒரு பிராணி, ஒளிய இடமில்லாத ஒரே காரணத்தால் பூனை வாயில் போனதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. தீவின் மேற்கே தனியார் நிலத்தில் எரியாமல் தப்பிய ஒரு சிறு திட்டில் டன்னார்ட் இருப்பது தெரிந்ததும், சில வாரங்களிலேயே அவசரமாக ஒரு பூனைத் தடுப்பு வேலி போட்டார்கள். பிறகு அதைச் சுமார் 370 ஹெக்டேருக்கு விரித்தார்கள். புகை அடங்கியதும் ‘எல்லாம் போச்சு’ என்று கையை விரித்திருந்தால் இது நடந்திருக்காது.

அங்குள்ள பளபளக்கும் கறுப்புக் காக்கட்டூ கிளி இனத்துப் பறவை; பறந்து தப்பியது. ஆனால் அது பெரும்பாலும் ஒரேயொரு சவுக்கு வகையின் காயைத்தான் தின்னும். அந்த மரங்கள் பெருமளவில் எரிந்தன. புதுக் கன்று காய்க்கப் பல வருடம் ஆகும். சவுக்குக் கன்று நடுகிறவர்களோடு நானும் ஒருமுறை போயிருந்தேன். வல்லபி என்கிற சிறு கங்காரு கடித்துவிடும் என்று ஒவ்வொரு கன்றுக்கும் கூண்டு வைக்க வேண்டும். குனிந்து பார்த்தால் மண் இன்னும் கறுப்பு. ஆனால் பக்கத்தில் கரிக்கட்டையாய் நின்ற யூகலிப்டஸ் மரங்களின் அடிமரம் முழுக்க, பட்டையைப் பிளந்துகொண்டு செந்தளிர் கொத்துக் கொத்தாக வந்திருந்தது. யக்கா என்கிற புல்மரம் ஆள் உயரத்துக்கு மேல் பூத்தண்டு விட்டிருந்தது.

இந்த யக்காத் தண்டில்தான் இன்னொரு கதை இருக்கிறது. நம் ஊரில் மூங்கிலைத் துளைத்துக் கூடு கட்டும் கருவண்டின் இனத்தில், பச்சையும் பொன்னுமாக மின்னும் ஒரு தேனீ அந்தத் தீவில் உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவின் பெருநிலத்தில் அது அற்றுப்போய்விட்டது. காய்ந்த யக்காத் தண்டையோ, பட்டுப்போன பேங்க்சியா மரத்தையோ துளைத்துக் குடியிருக்கும். தீக்குப் பிறகு யக்கா நிறையப் பூப்பதால், அந்தத் தண்டுகள் காய்ந்ததும் தேனீக்கு வீட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை சில வருடமே தாங்கும். பேங்க்சியா விதையிலிருந்து வளர்ந்து வீடாவதற்கோ சுமார் 30 வருடம் வேண்டும். தீவில் 2007-இல் ஒரு பெருந்தீ, சுமார் 12 வருடத்தில் மறுபடியும் ஒன்று. அருகில் எரியாத பழைய மரம் இருந்தால்தானே அங்கிருந்து தேனீ வந்து புதுத் தண்டில் குடியேறும்? அதனால்தான் ஆய்வாளர்கள் செயற்கைத் தண்டுகளைக் காட்டில் கட்டிவைத்தார்கள். அவற்றிலும் பல 2020 தீயில் போயின. மறுபடியும் கட்டினார்கள்.

அதனால் என் கோரிக்கை இரண்டு. அந்த 300 கோடி வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். அப்புறம், எங்கே காடு எரிந்தாலும் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து உங்கள் நிருபரை மறுபடி அதே காட்டுக்கு அனுப்புங்கள். எரியாத திட்டு எது மிஞ்சியது, பட்ட மரங்களை வெட்டிக் கொண்டுபோனார்களா, மிஞ்சிய உயிர்களை எது வேட்டையாடுகிறது என்று அங்குள்ள வனத்துறையினரைக் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
வாசகி ஒருவர்,
அடிலெய்டு, தெற்கு ஆஸ்திரேலியா