குட்டி யானையா, பொலேரோவா?

அன்புள்ள சொக்கு,

கடிதம் கிடைத்தது. பேரன் எட்டு வைக்கத் தொடங்கிவிட்டான் என்றதில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மழை பரவாயில்லை, ஊருணியில் தண்ணீர் கிடக்கிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மலேசியாவில் உன் ஈப்போவில் எங்கு திரும்பினாலும் டொயோட்டா ஹைலக்ஸாக இருக்க, காரைக்குடியில் மட்டும் பின்னால் சரக்கு ஏற்றும் பாடி வைத்த பிக்கப் வண்டி ஏன் ஆளுக்கொரு தினுசாக ஓடுகிறது என்று எழுதியிருந்தாய். அங்கே அதில்தான் குடும்பமும் போகிறது. இங்கே வாங்குகிறவன் தினம் என்ன ஏற்றப்போகிறோம் என்றுதான் பார்க்கிறான்.

நம் தெருவில் கல்யாணச் சமையல் எடுப்பவரிடம் இருப்பது டாடா ஏஸ். 2005-ல் சந்தைக்கு வந்த ரகம். குட்டி யானை என்றால்தான் ஊரில் தெரியும். முக்கால் டன் இழுக்கும். அண்டா, அடுப்பு, இலைக்கட்டு எல்லாம் இடத்தை அடைக்குமே தவிர அவ்வளவு எடை இருக்காது. நம் வீடுகளுக்குப் பின்கட்டு வாசல் அடுத்த தெருவில் இருக்கிறதல்லவா, அங்கே கொண்டுபோய் ஒடித்துத் திருப்பி நிறுத்திவிடுவார்.

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்காரருக்கு அது உதவாது. சிமெண்டும் மணலும் சேர்ந்த சரக்கு. ஒரு டன் ஏற்றினாலும் பாடியில் முழங்கால் உயரம் வராது. மேலே இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்று இன்னும் அடுக்கினால் பின் சக்கரத்துக்கு மேலே எடை தாங்கும் ஸ்பிரிங் பட்டை படுத்துவிடும். அதனால் ஒன்றேகால் டன் தாங்கும் அசோக் லேலண்ட் தோஸ்த் வைத்திருக்கிறார். இன்னும் பெரிதாக வாங்கலாமே என்றேன். சிரித்தார். அவருக்கு வருவது பாதியும் ஒரு அறைக்கான சின்ன ஆர்டர். கனத்த பட்டை போட்ட வண்டியில் கொஞ்சமாகச் சரக்கு ஏற்றினால் வண்டி துள்ளும், டைல்ஸ் மூலை உடையும். எனக்கு இது புதுச் செய்தி.

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்பவரின் கணக்கு வேறு. தேக்கு நிலை, தூண் எல்லாம் நீளம். ஏஸின் பாடி ஏழடி சொச்சம், பெரிய பொலேரோ பிக்கப்பில் ஒன்பதடி. 1.7 டன் தாங்கும் அந்த வண்டியை அவர் வாங்கியது நீளத்துக்காக. அப்படியும் தூண் ஏற்றும்போது பின்கதவை இறக்கிச் சிவப்புத் துணி கட்டத்தான் வேண்டியிருக்கிறது.

உன் ஹைலக்ஸ் ஜாதியிலும் ஒன்று இருக்கிறது. என் தம்பி மகன் இசுசு வி-கிராஸ் எடுத்திருக்கிறான். ஐந்து பேர் உட்காரலாம், நான்கு சக்கரமும் இழுக்கும், பாடி ஐந்தடிதான். தோப்புக்கென்று சொன்னான், கொடைக்கானலுக்குத்தான் அதிகம் போகிறது. அவன் காசு, அவன் பாடு.

அப்புறம், கல்லல் பக்கத்து உன் தென்னந்தோப்புக்கு எது எடுக்கலாம் என்று கேட்டாய். காயை மட்டையோடு அனுப்புவதா, உரித்தா? மட்டையோடு என்றால் இடம் வேண்டும், உரித்ததென்றால் எடை தாங்க வேண்டும். தோப்பைக் குத்தகைக்கு விடுவதாக இருந்தால் வண்டியே வேண்டாம், வியாபாரி தன் வண்டியில் வந்து ஏற்றிக்கொள்வான். முதலில் அதை எழுது, பிறகு நான் போய் விலை விசாரிக்கிறேன்.

அன்புடன்,
அண்ணாமலை